சோளகம் புகாத அறை

எங்கள் வீட்டைப்பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் காற்றைத்தான் முதலில் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர், மாமரம் பூக்கும் காய்க்காது, யன்னல் கம்பி ஒரு வருசத்தில் துருப்பிடித்து உரியும். அதையெல்லாம் யாரும் வாயில் எடுப்பதில்லை. "உங்களுக்கென்ன, காத்துக்குள்ளை இருக்கிறியள்" என்பார்கள். என் வயதுக்காரர் சிலர் அந்த வீட்டுக்கு வந்து, பாயை விரித்துப் போட்டு, மத்தியானம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டவர்கள்தான். மறுக்க வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன்.

வல்வெட்டித்துறையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது வீடு. காற்று எப்போதும் கடலிலிருந்துதான் வரும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். வாடைக் காலத்தில் அது சரி. நான் சொல்லப்போவது சோளகக் காலத்தை. வைகாசி கடைசியில் தொடங்கும் சோளகம் தென்மேற்கிலிருந்து பனங்காணிகளைத் தாண்டி வந்து, எங்கள் வீட்டின் பின்பக்கத்தால் புகுந்து, முன்பக்கத்தால் கடலுக்குப் போகும். பின்வளவில் பனையோலைகள் ஓயாமல் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். முன்னால் கடல் குளம்போலக் கிடக்கும். வெய்யில் எரிக்கும், ஆனால் உடம்பில் வியர்வை தங்காது. கொடியில் போட்ட சீலை வெற்றிலை போட்டு முடிவதற்குள் காய்ந்துவிடும்.

வீட்டின் தென்மேற்கு மூலையில் ஓர் அறை. என்னைப் பெற்ற ஐயா தண்டையல், பாய்க்கப்பலை நடத்துகிறவர், காற்றைப் பார்த்தே சீவித்த மனிதர். வீடு கட்டும்போது அந்த அறைக்குத் தெற்கே ஒரு யன்னலும் மேற்கே ஒரு யன்னலும் அகலமாக வைத்தார். அங்கே மூன்று நாள் படுத்தால் எந்த நோயும் வருத்தமும் தானாக எழும்பிப் போய்விடும் என்று பெருமை அடிப்பார். நான் சொல்லும் வருசம் அவர் ரங்கூனுக்குப் போயிருந்தார். அவர் நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது என்று பல நாள் நினைத்ததுண்டு. பிறகு, பிள்ளைப்பெற்ற அறைப் பக்கம் ஆண்கள் தலை காட்டாத காலம் அது என்பதும் ஞாபகம் வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கொக்குவிலில் கலியாணம் முடித்திருந்தார். சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியார். சாந்தமானவர், கதைத்தால் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காது. சின்னம்மாவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஒன்பதாம் நாள் போயிற்று, மற்றது பதின்மூன்றாம் நாள். இரண்டு முறையும் "காத்துப் பட்டுட்டுது" என்றுதான் ஊர் சொன்னது. பிள்ளைப்பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் காற்று ஆகாது என்பதில் அந்தக் காலத்தில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. மூன்றாவது வயிற்றில் வந்தபோது சின்னம்மாவின் மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டாராம். இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்க வேண்டியதுதான் என்று. அம்மா இதைக் குசினிக்குள் நின்று பெரியம்மாவிடம் சொன்னதை, தேங்காய்ப்பூவைத் திருடித் தின்றுகொண்டிருந்த நான் கேட்டேன்.

பெரியம்மா அவர்கள் இருவருக்கும் மூத்தவர். புருசன் இல்லை, எங்களோடுதான் இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர்தான் முடிவெடுத்தார், இந்த முறை தங்கச்சி எங்கள் வீட்டில் பெறட்டும் என்று. காரணம் என்ன தெரியுமா? இங்கே காற்று நல்லது. பிள்ளைப்பெற்றவளுக்குக் காற்றே ஆகாது என்று சொல்கிற அதே வாய்தான் இதையும் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது சிரிக்கத் தெரியவில்லை.

சித்திரைக் கடைசியில் சின்னம்மா வந்தார். கொக்குவிலில் ரயில் கோச்சி ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் கடற்கரை வழியே. வண்டியால் இறங்கும்போதே தலைமுடியெல்லாம் கலைந்து, முகம் சிவந்து, சிரித்துக்கொண்டு இறங்கினார். அந்த ஒரு மாதம் எங்களுக்குக் கொண்டாட்டம். பின்னேரத்தில் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் நானும் அவரும் குந்தியிருப்போம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய்ப் பிளவு அவர் மடியில் இருக்கும். எனக்கு இரண்டு தந்தால் தான் ஆறு தின்பார். காற்று அவருடைய முந்தானையைத் தூக்கித் தூக்கி என் முகத்தில் போடும். சோப்பு வாசமும் வேர்க்காத உடம்பின் வாசமுமாக இருக்கும். ஒருநாள், இந்தக் காற்றைப் பானைக்குள் அடைத்துக் கொண்டுபோக முடியுமென்றால் கொக்குவிலுக்கு ஒரு பானை கொண்டுபோவேன் என்றார். நான் எத்தனை பானை வேண்டும் என்று கணக்குக் கேட்டேன்.

வைகாசி முடிய ஒரு கிழமை இருக்க, விடியப்புறத்தில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. மருத்துவிச்சி வெளியே வந்து சொன்னதும் அம்மா அழுதார். பெரியம்மா அழவில்லை. நேரே போய்ப் பழஞ்சீலைப் பெட்டியைத் திறந்தார்.

தென்மேற்கு மூலை அறைதான் பிள்ளைப்பேற்று அறை. நல்ல காற்றுள்ள அறை என்று தெரிந்தெடுத்துவிட்டு, அதில் ஒரு நூல் காற்றும் நுழையாமல் முப்பத்தொரு நாளைக்கு அடைப்பது. யன்னல் கதவுகளைச் சாத்தி, பலகைக்குப் பலகை உள்ள இடுக்கு, நிலைக்கும் சுவருக்கும் உள்ள இடுக்கு, ஓட்டுக்குக் கீழே உள்ள இடுக்கு எல்லாவற்றிலும் சீலைத் துண்டு திணித்தார்கள். என் விரல் சின்னது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. விரல் போகாத இடத்தில் அகப்பைக் காம்பால் குத்தித் திணிக்க வேண்டும். ஐயாவின் பழைய வேட்டி, அம்மாவின் கிழிந்த சட்டை, கடைசியில் துணி போதாமல் என்னுடைய பச்சைப் பாவாடை. சிவப்புக் கரை போட்டது, போன தீபாவளிக்கு எடுத்தது. வளர்ந்துவிட்டேன், கட்டையாகிவிட்டது என்று என்னைக் கேளாமலே கிழித்தார்கள். அதில் ஒரு துண்டை மேற்கு யன்னலின் கீழ்மூலை இடுக்கில் நானே திணித்தேன். எனக்குச் சரியான கோபம்.

பெரியம்மாவிடம் ஒரு சோதனை இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சின்ன எண்ணெய் விளக்கை ஏற்றி, யன்னல் இடுக்குகள் வழியே மெதுவாக நடத்திக்கொண்டு போவார். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே காற்று வருகிறது. நான் பின்னால் அகப்பைக் காம்போடு போவேன். சுடர் அசைந்தால் நிற்பார், நான் குத்துவேன். சுடர் நேரே நின்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். கோயில் சுற்றுகிறவர்போல அத்தனை கவனம். அவருடைய ஒரே பிள்ளை பதினைந்தாம் நாள் செத்ததென்றும், அன்றைக்குப் புழுக்கம் தாங்காமல் அவர்தான் யன்னலைத் திறந்தாரென்றும் அம்மா எனக்குச் சொன்னது பல வருசம் கழித்து. அப்போது தெரியாது. அப்போது அவரைக் கண்டால் பயம், அவ்வளவுதான்.

அறைக்குள் கட்டிலின் கீழே தணல் சட்டி. சிரட்டைக் கரியில் போட்ட நெருப்பு. பிள்ளைப்பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும். அதன்மேல் சாம்பிராணி, வேப்பம்விதை, காய்ந்த நொச்சி இலை. கண் எரியும். தணல் அணையாமல் விசிறிக்கொண்டிருப்பதும் என் வேலை. பனையோலை விசிறி ஒன்று தந்திருந்தார்கள். சின்னம்மாவின் நெற்றியில் வியர்வை ஓடுவதைப் பார்த்து ஒருமுறை விசிறியை அவர் பக்கம் திருப்பினேன். பெரியம்மா என் கையில் அடித்துவிட்டு, விசிறி நெருப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை என்றார்.

வெளியே சோளகம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் அந்த வருசத்துக் காற்றை முழுக்க அனுபவித்துக்கொண்டிருந்தது. சனங்கள் பாயைத் தூக்கி முற்றத்தில் போட்டுப் படுத்தார்கள். நல்ல காற்றுக்கென்று கூட்டிவந்த ஒருத்தி மட்டும் உள்ளே வெந்துகொண்டிருந்தார்.

ஏழாம் நாள் சின்னம்மாவுக்குத் தலையிடி தொடங்கியது. எட்டாம் நாள் சத்தி எடுத்தார், குடித்த கஞ்சியும் தங்கவில்லை. இங்கேதான் பெரியவர்கள் பிழை விட்டார்கள். சும்மா பிழை இல்லை, பிழைக்குமேல் பிழை. தலையிடி வந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஆகவே இன்னும் இறுக்கி அடை. குளிர் ஏறியிருக்கும், ஆகவே இன்னொரு தணல் சட்டி வை. இரண்டாவது சட்டி வந்ததும் தலையிடி கூடியது. கூடியதால் இன்னும் சீலை திணித்தார்கள். மூடிய அறைக்குள் கரித் தணல் என்ன செய்யும் என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அன்றைக்கு மருத்துவிச்சியும் பெரியம்மா சொன்னதைத்தான் சொன்னார்.

சனிக்கிழமைகளில் சித்தப்பா வருவார். முற்றத்து வேப்பமரத்தின் கீழே கதிரை போட்டு இருத்துவார்கள். பிள்ளையைக் கதவடியில் ஒருதரம் காட்டுவார்கள். பிள்ளை பிறந்து இரண்டாம் சனிக்கிழமை, ஒன்பதாம் நாள், என்னைக் கிட்டக் கூப்பிட்டு, உள்ளே புகை கனக்கவோ என்று கேட்டார். ஓம் என்றேன். யன்னல் கொஞ்சமேனும் திறக்கிறவையோ என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அம்மாவிடம் போய், புத்தகமொன்றில் வாசித்ததாக ஏதோ சொல்லத் தொடங்கினார். பெரியம்மா குசினிக்குள் இருந்தபடியே, இது பள்ளிக்கூடம் இல்லை தம்பி என்றார். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதரை எனக்கு நல்ல விருப்பம், அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

பத்தாம் நாள் மத்தியானம். பெரியம்மாவும் அம்மாவும் பின்வளவில் வேது வைத்துக் குளிக்க வார்க்கும் தண்ணீருக்கு இலை அவித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. நான் தணலை விசிறிக்கொண்டிருந்தேன். எனக்கே தலை பாரமாக இருந்தது, நித்திரை கண்ணைக் கட்டியது. கட்டிலில் சின்னம்மா எழும்ப முயன்று, முடியாமல் சரிந்தார். பிள்ளை அவருடைய நெஞ்சில் கிடந்தது. அதன் பாதத்தைக் கிள்ளினார். அது அழவில்லை. திரும்பவும் கிள்ளினார். கால் மடங்கவும் இல்லை.

"பிள்ளை, அந்த மேற்கு யன்னல்லை ஒரு சீலையை உருவு" என்றார்.

நான் எழும்பவில்லை. காற்றுப் பட்டால் தங்கச்சிப் பாப்பா செத்துப் போவாளென்று பெரியம்மா சொன்னவா என்றேன்.

"காத்துப் படாமலே செத்துக்கொண்டு வாறாளடி. உருவு."

என் பச்சைப் பாவாடைத் துண்டைத்தான் உருவினேன். எது எங்கே இருக்கிறதென்று எனக்குத்தானே தெரியும். இரண்டு விரல் அகல இடுக்கு. சோளகம் அதனூடே ஒரு சீழ்க்கைச் சத்தத்தோடு உள்ளே வந்தது. மண்ணும் காய்ந்த வேப்பம்பூவும் என் முகத்தில் அடித்தன. சின்னம்மா கட்டிலால் இறங்கி, தவழ்ந்து வந்து, பிள்ளையின் முகத்தை அந்த இடுக்கில் பிடித்தார். தன் வாயையும் பக்கத்தில் வைத்தார். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவர்போலக் குடித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கதவைப் பார்த்தபடி நின்றேன். இலை அவிக்கும் பானையின் மூடி சத்தம் போடும் ஒவ்வொரு தரமும் கதவை நோக்கி ஓர் அடி வைத்தேன். பிறகு பிள்ளை அழுதது. மெல்லத் தொடங்கி, பெரிதாக அழுதது. பின்வளவில் அம்மா, பசிக்குதாக்கும் என்று சந்தோசமாகச் சொன்னது கேட்டது.

திரும்பத் துணியைத் திணித்து முடிந்ததும் சின்னம்மா என் கையை இழுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தார்.

"ஆருக்கும் சொல்லப்படாது. நான் கேட்டனான் எண்டு தெரிஞ்சால், முதல் ரண்டையும் நானே காத்துவிட்டுக் கொன்றனெண்டு சொல்லுவினம். என்னைத் திரும்பி எடுக்கமாட்டினம்."

சத்தியம் செய்தேன். ஒன்பது வயதில் அது என்ன சத்தியம் என்று முழுக்க விளங்கவில்லை. குசினியில் கேட்ட கதை ஞாபகம் வந்தது, அதனால் பாதி விளங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு தரம். பெரியவர்கள் கிணற்றடிக்குப் போகும் காலை நேரமும், இலை அவிக்கும் மத்தியானமும். நான் உருவுவேன், சின்னம்மா பிள்ளையைப் பிடிப்பார், நான் கதவைப் பார்ப்பேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் துணியைப் பழையபடி இறுக்கித் திணித்துவிட வேண்டும். பெரியம்மாவின் சுடர் அந்த மூலைக்கு வரும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். சுடர் நேரே நிற்கும். அவர் அடுத்த இடத்துக்குப் போவார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

சின்னம்மாவின் தலையிடி குறைந்தது. பிள்ளை பால் குடித்து, கன்னம் வைத்து, கையைக் காலை அடித்தது. ஒன்பதாம் நாள் முன்பே கழிந்திருந்தது, பதின்மூன்றாம் நாளும் கழிந்தது. பதின்மூன்று கழிந்த அன்றைக்குப் பெரியம்மா ஒரு கற்கண்டுக் கட்டி தந்து, இந்த முறை ஒரு துளி காத்து விடேல்லைப் பார், அதுதான் என்றார். நான் கற்கண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டு ஓம் என்றேன். அப்படிக் கசந்த கற்கண்டை நான் பிறகு தின்றதில்லை.

இருபத்திரண்டாம் நாள் காற்று அளவுக்கு மிஞ்சி அடித்தது. பின்வளவில் இரண்டு பனையோலைகள் முறிந்து விழுந்தன. அதனால் பெரியம்மா விளக்கு வைக்கும் நேரம் வரை பொறுக்கவில்லை. மத்தியானமே விளக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். காலடிச் சத்தம் கேட்டு அவசரத்தில் துணியைத் திணித்தேன். இறுகவில்லை. பன்னிரண்டு நாளாக உருவி உருவித் திணித்ததில் பாவாடைத் துண்டு நைந்து மெலிந்திருந்தது.

சுடர் மேற்கு மூலைக்கு வந்தது. சாய்ந்தது. அணைந்தது.

பெரியம்மா விளக்கைக் கீழே வைத்தார். விரலை இடுக்கில் வைத்துப் பார்த்தார். துணியை உருவினார். நிலையின் உட்பக்கத்தில் ஒரு பிடி மண்ணும் வேப்பம்பூச் சருகும் குவிந்து கிடந்தன. ஒரு நாளில் சேர்கிற மண் இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆர் உருவினது?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா அதன் தலையைத் தடவியபடி குனிந்திருந்தார். நிமிரவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவர் நிமிரவேயில்லை.

"நான்தான்" என்றேன். ஏனென்று கேட்டதற்கு, பாவாடையை எடுக்க என்றேன். எப்படி அந்தப் பொய் வாயில் வந்ததோ தெரியாது. பொருத்தமாக வந்தது.

அகப்பைக் காம்பால் அடித்தார். திணிக்கிறதற்குத் தந்த அதே காம்பு. அடிக்கும்போது பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். அடி வாங்குகிற நான் அழவில்லை, அடிக்கிறவர் அழுகிறாரே என்று எனக்குப் புதினமாக இருந்தது. அன்று பின்னேரமே சின்னம்மாவுக்குக் காய்ச்சல் காய்ந்தது. ஒரு பக்க மார்பு பால் கட்டிக் கல்லாகிவிட்டது. பால் கட்டினால் காய்ச்சல் வருவது எல்லாத் தாய்க்கும் நடக்கிறதுதான். அன்றைக்கு யார் அதை எண்ணினார்கள்? பெரியம்மா கதவடியில் என்னைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னார்.

"உவள் போனாளெண்டால் நீதான் கொன்றனி. ஞாபகம் வைச்சிரு."

மேற்கு யன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். அறைக்குள் போக எனக்குத் தடை. சட்டி இரண்டும் நிறையத் தணல் போனது. நான் வெளியே, அந்த யன்னலின் கீழே, சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தேன். இருட்டும்வரை காது வைத்துக் கேட்டேன். பிள்ளை அழுதது. பிறகு அழவில்லை. சின்னம்மா சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு இரண்டு பயம். காற்று விட்டு நான்தான் கொல்கிறேனோ என்று ஒன்று. காற்று இல்லாமல் அவர்கள் சாகிறார்களோ என்று மற்றது. பெரியம்மா சொன்னதை நம்புவதா, என் கண்ணால் கண்டதை நம்புவதா? பிள்ளையின் மடங்காத கால்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

விடிந்ததும் எழும்பினேன். யன்னலைத் திறக்க முடியாது. சொல்லவும் முடியாது, சத்தியம். குசினிக்குப் பின்னால் சாய்ப்பில் கரிச் சாக்கு இருந்தது. அரைச் சாக்குச் சிரட்டைக் கரி. அம்மா கிணற்றடியில். பெரியம்மா சின்னம்மாவின் தலைமாட்டில். நான் சாக்கை இழுத்தேன். என் பாரத்தில் பாதி இருக்கும். பின்படலையால் போனால் கண்டுவிடுவார்கள், ஆகவே வீட்டைச் சுற்றி முன்வளவால் இழுத்தேன். காற்று முதுகில் தள்ளியது. அது தள்ளியிராவிட்டால் கடல் வரை கொண்டுபோயிருக்க மாட்டேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று சாக்கைக் கவிழ்த்தேன். கரி தாழ்ந்துவிடும் என்று நினைத்தேன். தாழவில்லை. எல்லாம் மிதந்தது. அசையாத தண்ணீரில் என்னைச் சுற்றிக் கறுப்பாகப் பரவி நின்றது. இனிக் கரைக்கு வரும், எல்லாரும் காண்பார்கள் என்று கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறகு அது நகரத் தொடங்கியது. சோளகம் தரையிலிருந்து கடலுக்கு அல்லவா அடிக்கிறது. கரி முழுவதையும் கூட்டிச் சேர்த்து, வெளியே, வெளியே கொண்டுபோனது. வள்ளங்களுக்கு அப்பால் ஒரு கறுத்த கோடாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கையும் சட்டையும் கரி. மறைக்கவும் முயலவில்லை. இந்த முறை அடித்தது அம்மா. அயல் வீடுகளில் கேட்டுக் கொஞ்சம் கரி வாங்கினார்கள், ஒரு சட்டிக்கு அரைச் சட்டிதான் கண்டது, அதுவும் பின்னேரம் மட்டும். சிரட்டை சேர்த்துச் சுட்டுக் கரியாக்க மற்ற நாள் மத்தியானம் ஆகிவிட்டது. அந்த ஒன்றரை நாளில் பிள்ளை திரும்ப அழத் தொடங்கியது. மருத்துவிச்சி வந்து ஒத்தடம் கொடுத்து, பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டு, கட்டின பால் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. ஆணி அடித்ததால் தப்பினாள் என்றார்கள்.

சனிக்கிழமையே வந்துவிட்ட சித்தப்பா, ஞாயிறு பின்னேரம் என்னைக் கொக்குவிலுக்குக் கூட்டிப்போனார். முப்பத்தொன்று கழியும்வரை நான் அந்த வீட்டில் நிற்கக் கூடாதென்று பெரியம்மாவின் உத்தரவு. கோச்சியில் அவர் என் கையைப் பிடித்திருந்தார். நகக்கண்ணில் கரி போகாமல் இருந்தது. அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, ஏன் பிள்ளை கரியைக் கொட்டினாய் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் மற்றக் கிழமை அவர் வந்து நின்று, தணல் சட்டியைக் கட்டிலின் கீழிருந்து கதவடிக்கு எடுப்பித்தாராம். எப்படிக் கதைத்தார், என்ன சொன்னார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. குரல் உயர்த்தியதாக மட்டும் அம்மா சொல்வார்.

பிள்ளை தங்கிவிட்டது. சின்னம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போனார். எனக்குக் கிடைத்தது ஒரு பேர். "காத்து விட்டவள்." கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே நாலு பெண்கள் கூடினாலும் அந்தக் கதை வரும். அயலில் யாருக்கேனும் பிள்ளை பிறந்தால் என்னை வளவுக்குள் விடமாட்டார்கள். ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தியின் முதல் பிள்ளையை நான் முப்பத்திரண்டாம் நாள்தான் கண்டேன். சின்னம்மா வருசத்தில் இரண்டு தரம் வருவார். எனக்குச் சட்டைத் துணி கொண்டுவருவார், சீப்பால் தலை இழுத்துவிடுவார். அந்தக் கதை எடுபடும்போது மட்டும் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். எனக்கு அவர்மேல் கோபம். இன்றைக்கும் முழுக்க ஆறவில்லை, பொய் சொல்ல இந்த வயதில் என்ன தேவை? கொக்குவிலில் அந்த முதல் இரண்டு பிள்ளைகளையும் எப்படி வைத்திருந்தார்கள் என்று பெரியவளான பிறகு ஒருநாள் கேட்டேன். சின்ன அறை, யன்னலைச் சாக்கால் அடைத்து, கட்டிலின் கீழே தணல் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு வருசம் கழித்து எனக்குத் தலைப்பிள்ளை. அதே வீடு, அதே மூலை அறை, அதே சோளகம். மேற்கு யன்னலில் ஆணி அடித்த பலகையை மட்டும் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் நடுங்கும் கையில் விளக்கை வைத்துக்கொண்டு இடுக்கு இடுக்காகத் தடவினார். திணிக்க வேறொரு சின்னப் பெண் இருந்தாள். என்னைத்தான் அதிகம் காவல் காத்தார்கள். பழைய கள்ளி அல்லவா. நான்காம் நாள் எனக்குத் தலையிடி தொடங்கியது. தொடங்கியதுமே எனக்குத் தெரியும் என்ன என்று. சொன்னால் யார் கேட்பார்கள்? காத்து விட்டவளின் பேச்சு.

ஐந்தாம் நாள் காலை சின்னம்மா வந்தார். கூடவே அந்தப் பிள்ளை, பன்னிரண்டு வயது, நீளக் கால், வளவுக்குள் வந்ததும் வராததுமாகக் கடலுக்கு ஓடிவிட்டாள். சின்னம்மா செருப்பைக் கழற்றினார், முகம் கழுவவில்லை, நேரே அறைக்குள் வந்தார். என்னையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. மேற்கு யன்னலடிக்குப் போய்ச் சீலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். பிறகு கொண்டியைத் தட்டி இரண்டு கதவையும் அகலத் திறந்தார். சோளகம் வந்து கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரியது.

பெரியம்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தார். சின்னம்மா திறந்த யன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"அக்கா, அண்டைக்கு உவள் தானா உருவேல்லை. நான்தான் உருவச் சொன்னனான். உவள் உருவினபடியாத்தான் என்ரை பிள்ளை இருக்கிறாள்."

பெரியம்மா மங்கின கண்ணால் அவரைப் பார்த்தார். பிறகு பெரியம்மா தலையை ஆட்டினார்.

"உனக்கு இளகின மனம், தங்கச்சி. உவளைக் காப்பாத்தச் சொல்லுறாய்."

அவர் நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை. நம்பியிருந்தால், யன்னல் திறந்த அந்த ஒரு நாளைக்காகத் தன் பிள்ளையைத் தானே கொன்றேன் என்று வாழ்நாள் முழுக்கச் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பார்? இதெல்லாம் எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது ஆத்திரம்தான் வந்தது.

ஆனால் யன்னலைச் சாத்த முடியவில்லை. சின்னம்மா அசையவில்லை. பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தணல் சட்டியைச் சின்னம்மா காலால் தள்ளி வாசலுக்கு வெளியே விட்டார். வந்து என் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். மன்னிப்பு என்றோ, அன்றைக்குப் பயந்துவிட்டேன் என்றோ ஒன்றுமில்லை. வெளியே அவருடைய மகள் கடலுக்குள் நின்று யாரையோ கூப்பிடும் சத்தம் காற்றை எதிர்த்து வந்தது. சின்னம்மா கீழே கிடந்த பனையோலை விசிறியை எடுத்தார். நெருப்புக்கு வைத்த விசிறி, கரி படிந்தது. அதால் எனக்கு விசிறத் தொடங்கினார். யன்னல் அகலத் திறந்து, அறை முழுக்கச் சோளகம் அடிக்கும்போது விசிறி எதற்கு?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்தியானம்வரை விசிறிக்கொண்டேயிருந்தார்.